காத்திருந்தால் பேச்சு வருமா?

மூன்று வயதுப் பையன். விரித்துப்போட்ட பாயில் உட்காராமல் சுவரை ஒட்டி நடந்துகொண்டே இருந்தான். "ஏ, பி, சி, டி முழுசா சொல்லுவான் மேடம். எட்டு கிரகத்தோட பேரையும் இங்கிலீஷ்லயே சொல்லுவான்" என்றார் அப்பா. சொல்லியும் காட்டினான், உச்சரிப்பு அப்படியே யூடியூபில் வரும் அமெரிக்கக் குரல். "தாகம் எடுத்தால் என்ன செய்வான்?" என்று கேட்டேன். அம்மா கொஞ்சம் தயங்கினார். "என் கையப் பிடிச்சு ஃபிரிட்ஜ்கிட்ட இழுத்துட்டுப் போவான். கையை மட்டும்தான் பிடிப்பான். என் மூஞ்சியப் பாக்க மாட்டான்."

அன்றைக்கே அதே பாயில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு 'வாழைப்பழம்' வரவில்லை, 'வாயப்பயம்'தான் வந்தது. பள்ளியில் சேர்ப்பதற்குள் ழகரத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்று பெற்றோர் பதறிப்போய் அழைத்து வந்திருந்தார்கள். அவளோ, பக்கத்து வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, அதில் எது தன்னுடையது, அதை அம்மா ஏன் வீட்டுக்குள் விடுவதில்லை என்று என்னிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். தமிழ்க் குழந்தைகளின் வாயில் கடைசியாக வந்து உட்காரும் ஒலிகளில் ழகரமும் ஒன்று. "இன்னும் ஓரிரு ஆண்டு தாராளமாக விடலாம்" என்று சொல்லி அனுப்பினேன். கிரகங்களை அடுக்கிய பையனின் பெற்றோரிடம்தான், "ஒன்றரை வயதிலேயே வந்திருக்கலாமே" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்களும் அப்போதே வரத்தான் நினைத்திருந்தார்கள். "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்" என்று பெரியவர்கள் சொல்லவே நின்றுவிட்டார்கள்.

சின்னக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். இந்த வேலை எனக்குக் கற்றுத்தந்ததை ஒரு வரியில் சொல்வதென்றால்: எதற்குக் காத்திருக்க வேண்டும், எதற்குக் காத்திருக்கவே கூடாது என்பதை நாம் இடம் மாற்றிப் புரிந்துவைத்திருக்கிறோம்.

நாக்கின் மீது பழி

பேச்சு வரவில்லை என்றதும் நம் கை முதலில் குழந்தையின் நாக்கைத்தான் தேடுகிறது. வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவுகிறோம். அதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். "நாக்குக்கு அடியில ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டா பேசிடும்" என்று யாராவது சொன்னால் அறுவைச் சிகிச்சைக்கும் தயாராகிவிடுகிறோம். நாக்கின் அடிப்பகுதி இறுகியிருந்தால் தாய்ப்பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம். ஒரு குழந்தை பேசவே தொடங்காததற்கு அது காரணமாகாது.

பேச்சு தொடங்கும் இடம் காது. கருவில் ஆறாம் ஏழாம் மாதத்திலேயே குழந்தைக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்ததும் தாயின் குரலை அது அடையாளம் காண்கிறது. கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு தமிழர்களுக்கு எளிதில் விளங்கும். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள தகரத்தையும் டகரத்தையும் ஒலிக்கச் செய்தார்கள். ஆங்கிலம் பேசும் பெரியவர்களின் காதுக்குப் பெரும்பாலும் பிடிபடாத வேறுபாடு அது. ஆறு, ஏழு மாதக் குழந்தைகள் அதைப் பிரித்தறிந்தன. பத்துப் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோரால் முடியவில்லை. முதல் பிறந்த நாள் கேக் வெட்டுவதற்குள் மூளை, 'எனக்கு வேண்டிய ஒலிகள் எவை' என்று பொறுக்கி எடுத்துவிடுகிறது. வாயிலிருந்து ஒரு சொல்கூட வராத அந்த ஓராண்டில் அவ்வளவு வேலை நடந்து முடிந்திருக்கும்.

காது கேளாத குழந்தைக்கு அந்த ஓராண்டு வெறுமையாகக் கழிகிறது. அது வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல். கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே மழலை எழுப்பும். கதவு அறைந்து சாத்தப்படும்போது அதிர்வை உணர்ந்து திரும்பும். "தட்டு விழுந்தா முழிக்கிறானே, காது நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். பாதி கேட்கும் குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். கனத்த ஒலிகள் கேட்கும்; 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். பேச்சு அவர்களுக்கு எழுத்து அழிந்த கடிதத்தைப் போல வந்து சேரும்.

அமெரிக்காவில் வகுக்கப்பட்டுப் பல நாடுகள் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு: ஒன்று, மூன்று, ஆறு. ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் காது மிஷினும் பயிற்சியும். ஆறு மாதத்துக்கு முன்பே குறை கண்டறியப்பட்ட குழந்தைகள், பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே நிற்கிறார்கள் என்பதை கொலராடோவில் நடந்து 1998-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

உலக அளவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குச் செவித்திறன் குறை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21), தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் சொந்தத்துக்குள் நடப்பவை. மரபுவழிக் காது கேளாமையின் வாய்ப்பை இது கூட்டுகிறது. தாய்மாமன் உறவைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மற்ற மாநிலங்களைவிட நாம் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நிலாவும் கைபேசியும்

காது நன்றாகக் கேட்டும் பேசாத குழந்தைகள் உண்டு. அவர்களைப் புரிந்துகொள்ள நான் அடிக்கடி போய் நிற்கும் இடம் பிள்ளைத்தமிழ். குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கும் அந்த இலக்கிய வகையில் ஒரு பருவத்துக்கு 'தால்' என்று பெயர். தால் என்றால் நாக்கு. அதை ஆட்டிப் பாடுவதுதான் தாலாட்டு. பாட்டியல் நூல்களின் கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறினாலும், கை கொட்டும் சப்பாணி ஏறக்குறைய ஒன்பதாம் மாதத்திலும், நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி ஏறக்குறைய பதினைந்தாம் மாதத்திலும் வருகின்றன. ஒரு குழந்தையைப் பரிசோதிக்கும்போது நான் கையில் வைத்திருக்கும் வளர்ச்சிப் பட்டியலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்பது மாதத்தில் கை தட்டி விளையாடுகிறதா? ஒன்றே கால் வயதில் விரல் நீட்டிக் காட்டுகிறதா?

நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது நடப்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அம்மா நிலாவைக் காட்டுகிறார். குழந்தை நிலாவைப் பார்க்கிறது. உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. 'நீ பார்ப்பதைத்தான் நானும் பார்க்கிறேன்' என்பது அந்தப் பார்வையின் பொருள். குழந்தை, அம்மா, நிலா என்று ஒரு முக்கோணம் உருவாகிவிட்டது. சொல் பிறப்பது இந்த முக்கோணத்துக்குள்தான். 'நிலா' என்ற ஒலி எதைக் குறிக்கிறது என்பதைக் குழந்தை அம்மாவின் கண் போன திசையிலிருந்து கற்கிறது.

இப்போது நிலா இருந்த இடத்தில் கைபேசி இருக்கிறது. "போன் காட்டினாத்தான் வாயைத் திறக்கிறான்" என்று வாரத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் சொல்கிறார்கள். சோறு இறங்குகிறது, ஆனால் குழந்தை அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முக்கோணத்தில் ஒரு முனை உதிர்ந்து, குழந்தையும் திரையும் மட்டும் எஞ்சுகின்றன. திரை பேசும், பதிலுக்குக் காத்திருக்காது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கைபேசியால் ஆட்டிசம் வருவதில்லை. தான் கைபேசி கொடுத்ததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று அழும் தாய்மார்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பழியை அவர்கள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஏற்கெனவே முகம் பார்க்கத் தயங்கும் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய மணி நேரங்களைக் கைபேசி எடுத்துக்கொள்கிறது என்பதே என் குறை.

குமரகுருபரர் என்னும் ஆறுதல்

"அவங்க தாத்தாவே நாலு வயசுலதான் பேசினாராம்." "இன்னும் ரெண்டு பிள்ளைங்களோட விட்டா தானா வந்துடும்." "பால்வாடியில போடுங்க, சரியாயிடும்." இவற்றோடு தென்மாவட்டங்களில் இன்னொன்றும் சேரும்: "குமரகுருபரரே அஞ்சு வயசுவரைக்கும் பேசலியே!" மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய அதே குமரகுருபரர்தான். ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வழிவழியாக வரும் கதை.

இந்த ஆறுதலில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வயதில் பேச்சு பின்தங்கியிருக்கும் குழந்தைகளில் கணிசமானோர் எந்தப் பயிற்சியும் இல்லாமலே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். தாத்தா அவர்களில் ஒருவராக இருந்திருப்பார். ஆனால், இரண்டு வயதுக் குழந்தைகள் பத்துப் பேரை வரிசையாக உட்காரவைத்தால், யார் தானாக எட்டிப் பிடிப்பார், யாருக்குக் காது கேட்கவில்லை, யாருக்கு ஆட்டிசம் என்று வெளியிலிருந்து பார்த்து எந்தத் தாத்தாவாலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது; பரிசோதித்தால்தான் தெரியும். பரிசோதனைக்குப் போய், 'ஒன்றுமில்லை' என்று திரும்பி வந்தால் இழப்பு அரை நாள் கூலி. போகாமல் இருந்து, 'இருந்திருக்கிறது' என்று தெரியவந்தால் இழந்தது பிள்ளையின் இரண்டு ஆண்டுகள்.

பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியவை மிகச் சில. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதுக்குள் வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும்; சில சொற்களாவது வந்திருக்க வேண்டும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். வந்த சொற்கள் எந்த வயதிலும் காணாமல் போகக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும், உறவினரிடம் கேட்காமல் மருத்துவரிடம் போங்கள்.

தொண்ணூறு நிமிடமும் பத்து நொடியும்

வாரத்துக்கு இரண்டு முறை, முக்கால் மணி நேரம் என்று வைத்தால் ஒரு குழந்தை என்னோடு இருப்பது தொண்ணூறு நிமிடம். அது விழித்திருக்கும் நேரம் வாரத்துக்கு எண்பது மணி நேரத்துக்கு மேல். இரண்டு சதவீதம்கூட என் கையில் இல்லை. ஆகவே, என் வேலையில் பெரும்பகுதி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பாட்டிக்கும் சொல்லித் தருவதுதான். சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, செவித்திறன் குறைந்த சின்னஞ்சிறு பிள்ளைகளோடு பெற்றோரையும் சேர்த்தே கற்க வைத்ததன் பின்னால் இருக்கும் கணக்கும் இதுவே.

முதல் நாள் நான் தருவது ஒரு டப்பா. உள்ளே முறுக்கு இருப்பது வெளியே தெரியும். மூடி இறுக்கமாக இருக்கும். குழந்தையால் திறக்க முடியாது. "நீங்களும் திறக்காதீங்க. அவன் முகத்தையே பாத்துக்கிட்டுப் பத்து எண்ணுங்க" என்பேன். பெரும்பாலான அம்மாக்களால் மூன்றுக்கு மேல் எண்ண முடிவதில்லை. பாசம் கையைத் திறக்க வைத்துவிடுகிறது. பத்து எண்ணும்வரை பொறுத்தால், ஆறிலோ ஏழிலோ குழந்தை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்குக் கூலியாக மூடி திறக்கும். அடுத்த வாரம் பார்வையோடு கை நீளும். பிறகொரு நாள் 'தா' வரும். மாதக்கணக்கில் காத்திருக்கத் துணியும் நாம், இந்தப் பத்து நொடி காத்திருக்கத் திணறுகிறோம்.

'தா' என்ற அந்த ஒற்றை எழுத்து தமிழ் எனக்குக் கொடுத்த கருவி. வா, போ, தா, வை என்று நம் ஏவல் வினைகள் ஓரெழுத்தில் நிற்கின்றன. அம்மா, பாப்பா, மாமா, தாத்தா என்று உறவுப் பெயர்கள் குழந்தையின் உதட்டுக்கும் நாக்குநுனிக்கும் தோதாகவே அமைந்திருக்கின்றன. மம்மு, தாச்சி, உவ்வா, டாட்டா என்று நம் பாட்டிகள் வைத்திருக்கும் சொற்களைவிடச் சிறந்த பயிற்சிப் பட்டியல் எந்த வெளிநாட்டுப் பெட்டியிலும் இல்லை. இத்தனையும் கையிலிருக்க, 'குழம்பிவிடுவான், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்' என்று பள்ளிகளும், சில நேரம் மருத்துவ அறைகளும் அறிவுரை சொல்லி அனுப்புகின்றன. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட ஒன்று. ஆங்கிலத்தில் சரளமில்லாத தாய்க்கு அந்த அறிவுரை வாய்ப்பூட்டு. 'சிட்', 'கம்', 'ஈட்', 'நோ' என்ற நான்கு சொற்களோடு அந்த வீட்டின் பேச்சு நின்றுவிடுகிறது. கதை சொல்லியும், கொஞ்சியும், திட்டியும் கொட்ட வேண்டிய தமிழ் அவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

எல்லாக் குழந்தைக்கும் வாய்ப்பேச்சு வந்துவிடும் என்று நான் உறுதி தருவதில்லை. வராத குழந்தைக்கும் மொழி வேண்டும். அது சைகையாக, பட அட்டையாக, திரையைத் தொட்டால் குரல் தரும் கருவியாக இருக்கலாம். படத்தைக் கொடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டது கிடைக்கும் என்று ஒரு முறை தெரிந்த பிள்ளை மேலும் கேட்கத்தான் முயலும்.

அரசு செய்ய வேண்டியது

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல தொடக்கம் உண்டு. பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. பேச்சு மொழிக் குறைபாட்டை 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களைக் கொண்டுவந்தது. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் திறக்கப்பட்டுவருகின்றன.

கருவி வாங்குவதில் காட்டும் தாராளத்தைப் பயிற்சிக்கான மணி நேரத்தில் காட்டுவதில்லை என்பதுதான் குறை. காக்ளியர் பொருத்திய அன்று குழந்தைக்கு ஓசைதான் கேட்கும். அந்த ஓசை மொழியாவதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். கம்பி அறுந்தால் மாற்ற வேண்டும், பேட்டரி வாங்க வேண்டும். விலை உயர்ந்த அந்தக் கருவி, சின்னக் கம்பி ஒன்று அறுந்ததால் மாதக்கணக்கில் பீரோவில் கிடந்த வீடுகளை நான் அறிவேன். மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்தில் நகரத்துத் தாய் என்னிடம் வந்துவிடுகிறார். மூன்று பேருந்து மாற வேண்டிய கிராமத்துத் தாய், கூலியையும் இழந்து எத்தனை வாரம் வருவார்? அவர் வராத இடத்தைப் போலிகள் நிரப்புகிறார்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெறாமல் இத்தொழில் செய்வது 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சில நாள் பயிற்சிக் கட்டணத்திலேயே அந்த அபராதத்தை ஈட்டிவிடலாம். எத்தனை போலிகள் அஞ்சுவார்கள்?

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடும் ஓஏஇ பரிசோதனையைச் செய்யாமல் எந்தக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இரண்டாவது, ஒன்பது மாதத்திலும், பதினாறு மாதத்துக்குப் பிறகும் தட்டம்மை ருபெல்லா ஊசிக்குக் குழந்தைகள் எப்படியும் வருகிறார்கள். அப்போது ஊசி போடும் செவிலியர் மூன்று கேள்வி கேட்கட்டும்: பேர் சொன்னால் திரும்புகிறதா, விரல் நீட்டுகிறதா, எத்தனை சொல் வந்திருக்கிறது? 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களின் பணியாளர்களுக்கும் இதே கேள்விகளைக் கற்றுத்தரலாம். மூன்றாவது, தேறாத குழந்தைக்கு அடுத்து எங்கே போவது என்று எழுதிக் கொடுக்கும் சீட்டில் இருப்பது, ஒரு பேருந்தில் போய்ச் சேரக்கூடிய ஊரின் பெயராக இருக்க வேண்டும். அங்கே நிரந்தரப் பணியில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் இருக்க வேண்டும்.

குமரகுருபரர் கதையை எடுத்துக்காட்டும் பெரியவர்களுக்கு நான் இப்போதெல்லாம் மறுப்புச் சொல்வதில்லை. கதையின் மறுபாதியை நினைவுபடுத்துகிறேன். பிள்ளை பேசவில்லை என்று தெரிந்ததும் அவருடைய பெற்றோர் தானாக வரட்டும் என்று ஸ்ரீவைகுண்டத்து வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரே கதவைத் தட்டுவதற்காக அவனைத் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்து ஆண்டு என்ற கணக்கைப் பிடித்துக்கொண்ட நாம், அந்தப் பயணத்தைக் கதையிலிருந்து உதிர்த்துவிட்டோம்.